பிரேக் குழாயும் பனி உப்பும்

நியூ ஜெர்சியில் 2010 ஆகஸ்ட் முதல் சொந்தக் கார்களுக்குப் புகைச் சோதனை மட்டும்தான். பிரேக்கை அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. ஸ்டிக்கரை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பிரிட்ஜ்வாட்டரில் பனிக்கு வீதியில் கொட்டும் உப்பால், பழைய கார்களின் அடியில் ஓடும் இரும்பு பிரேக் குழாய் கறள் பிடித்துப்போகும். அது வெடித்தால் பிரேக் எண்ணெய் ஒழுகும், பெடல் கீழே இறங்கும், கார் நிற்கக் கூடிய தூரம் எடுக்கும்.

வெடித்த துண்டை மட்டும் மாற்றலாம் என்று சில கராஜில் சொல்வார்கள். கணக்காளனாகச் சொல்கிறேன், அது நட்டக் கணக்கு. மற்றக் குழாய்களுக்கும் அதே வயதுதானே, கூலியை இரண்டாம் தரமும் கொடுக்கவேண்டி வரும்! செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கேளுங்கள்; கறள் பிடிக்காது, வளைப்பதும் சுலபம். தனிச் செம்பு வேண்டாம், அதிர்வில் வெடிக்கும். முனையை இரட்டையாக மடித்துப் பொருத்தி, காற்றை முழுக்க எடுத்த பிறகே காரை எடுங்கள்.