ஏறினால் மட்டும் போதாது
கார், வான் வைத்திருப்போர் ஒயில் பில்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஜேர்மனிக்கு வந்து வேலை கிடைத்ததும் எம்மவரில் பலர் தேடுவது ஒரு பழைய காரைத்தான். காலை ஆறு மணிச் சிப்டுக்குத் தொழிற்சாலை வாசலில் நிற்பதென்றால் பல ஊர்களில் அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. ஒரு காரில் நாலு பேர் சேர்ந்து போய் வருகிறோம். அந்தக் கார் நின்றால் நாலு வீட்டுச் சம்பளத்திலும் அது கை வைக்கும். இன்னும் சிலர் ஸ்பிரின்டர், டுக்காட்டோ வான்களில் பார்சல் கொண்டோடுகிறார்கள். அவர்களுக்கு வாகனந்தான் வேலை.

இப்படி எங்கள் உழைப்பைச் சுமக்கும் இஞ்சினை, ஐந்து யூரோ முதல் பதினைந்து யூரோ வரை விலையுள்ள ஒரு சிறு பொருள் காப்பாற்றுகிறது. அதுதான் ஒயில் பில்டர். அதைத் தெரிவு செய்யும் முறை பற்றி எமக்குள் பல தவறான எண்ணங்கள் உலாவுகின்றன. "அண்ணை, மரை ஏறுதுதானே, போடுங்கோ" என்பது அவற்றில் முதலாவது.

பில்டர் என்ன செய்கிறது?

இஞ்சினின் அடியிலுள்ள தட்டத்திலிருந்து பம்ப் ஒயிலை இழுத்து முதலில் பில்டருக்குள் தள்ளுகிறது. அங்கே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளில் கரியும் இரும்புத் தூளும் தங்குகின்றன. அதன் பின்னரே ஒயில் பெயாரிங்குகளுக்குப் போகிறது. எமது தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரோன். பெயாரிங்கைத் தேய்க்கும் தூள் அதிலும் பன்மடங்கு சிறியது. பத்து, இருபது மைக்ரோன் அளவிலுள்ள அந்தத் தூள் எமது கண்ணுக்குத் தெரியாது. ஒயில் சுத்தமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாததும் இதனால்தான்.

தாளைத் தவிர இரண்டு வால்வுகளும் உண்டு. அவை சில வாகனங்களில் பில்டருக்குள்ளேயும், சிலவற்றில் இஞ்சின் பக்கத்திலும் இருக்கும். ஒன்று, பில்டர் அடைத்துப்போனாலோ, குளிரில் ஒயில் தடித்துப்போனாலோ திறந்து, வடிகட்டாமலேயே ஒயிலை அனுப்பும். ஒயிலே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஒயிலோடு ஓடுவது மேல் என்பதே இதன் நியாயம். மற்றது, இஞ்சின் நின்றதும் ஒயில் கீழே வடிந்து போகாமல் தடுக்கும் றப்பர் வால்வு. மலிவான றப்பர் விறைத்துப்போனால் இரவெல்லாம் ஒயில் வடிந்துவிடும். பனிக்காலக் காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடன் சில விநாடிகள் கடகடவென்று சத்தம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சில விநாடிகளும் இஞ்சின் ஒயில் இன்றித் தேய்கிறது.

அந்தக் காலமும் இந்தக் காலமும்

பில்டர் இல்லாமலே ஓடிய கார்களும் இருந்தன. ஜேர்மனியரின் பெருமைக்குரிய பழைய பீற்றில் காரில் இருந்தது வெறும் கம்பி வலைதான். அதனால் ஏறத்தாழ 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயிலை மாற்ற வேண்டியிருந்தது.

எமது நாட்டுக் கதை எல்லோரும் அறிந்தது. 1990க்குப் பின் வடக்கில் பொருளாதாரத் தடை வந்தபோது, எமது தகப்பன்மார் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இருந்ததைக் கழுவினார்கள், கட்டினார்கள், மறுபடி பாவித்தார்கள். அந்தக் கைவேலைத் திறமை எமக்குப் பெருமைதான். ஆனால் அந்த இஞ்சின் வேறு, இங்கு நாம் ஓட்டும் இஞ்சின் வேறு. இன்றைய டீசல் காரின் டேர்போ நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. பழைய பில்டரைக் கழுவிப் போடும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வாகனப் பத்திரத்தை, அதாவது பார்சொய்க்சைனைக் கையில் எடுங்கள். 2005 அக்டோபருக்குப் பின் வழங்கப்பட்ட பத்திரத்தில் 2.1 என்ற கட்டத்தில் தயாரிப்பாளரின் இலக்கம் நான்கு தானங்களில் இருக்கும். பிஎம்டபிள்யூ என்றால் 0005, ரொயோட்டா என்றால் 5013. அடுத்த 2.2 கட்டத்தின் முதல் மூன்று குறிகள் எந்த மொடல் என்பதைச் சொல்லும். கடைக்காரர் கேட்பது இந்த இரண்டையுந்தான். ஒரே மொடலில் இடையில் இஞ்சின் மாறியிருக்கவும் கூடும். ஆகவே முதற்பதிவுத் திகதியையும் 17 தானங்கள் கொண்ட சேஸ் இலக்கத்தையும் கொடுத்துவிடுங்கள். பத்திரத்தைப் போட்டோ எடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் உதவும்.

மரை ஏறினால் மட்டும் ஏன் போதாது? ஒரே அளவு மரையைப் பல கொம்பனிகள் பாவிக்கின்றன. மரையும் ஒன்று, உயரமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் உள்ளேயுள்ள வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கும். சிலவற்றில் அது ஒரு பார், சிலவற்றில் இரண்டு பாருக்கும் மேல். நேரத்துக்கு முன்பே திறந்தால் ஒயில் வடிபடாமலே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து இஞ்சின்தான் சொல்லும்.

பில்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று தகரப் பேணிபோல் முழுதாகக் கழற்றி எறிவது. மற்றது மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தாளை மட்டும் மாற்றுவது. லூட்விக்ஸ்பூர்க்கில் 1941இல் தொடங்கிய மான் உம்மல் கொம்பனியின் பெட்டியில் டபிள்யூ என்ற எழுத்து பேணி வகையைக் குறிக்கும். எச்யூ என்பது தாள் வகை. ஸ்டுட்காட்டிலுள்ள மாலே கொம்பனியில் ஓசி என்பது பேணி, ஓஎக்ஸ் என்பது தாள். தாள் வகை வாங்கும்போது மூடிக்கான புதிய றப்பர் வளையம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். "மிட் டிஷ்டுங்?" என்று கேட்டால் கடைக்காரருக்கு விளங்கும்.

விலை கூடியதுதான் நல்லது என்றில்லை. கார்க் கொம்பனியின் பெயரோடு விற்கப்படும் பில்டர்களில் பலவற்றைச் செய்து கொடுப்பதே மான், மாலே, ஹெங்ஸ்ட் போன்ற பில்டர் கொம்பனிகள்தான். அவர்களது சொந்தப் பெட்டியில் வாங்கினால் காசு மிஞ்சும். எனினும் பெயர் தெரியாத, நம்பமுடியாத மலிவு விலைச் சாமானில் போலியும் உண்டு. "99 வீதம் வடிகட்டும்" என்று பெட்டியில் இருந்தால், எத்தனை மைக்ரோன் தூளை என்றும் இருக்க வேண்டும். அது இல்லாத வீதத்துக்கு அர்த்தம் இல்லை.

இன்னொன்று. சில கார்களுக்கு லோங்லைப் முறையில் இரண்டு வருடம் அல்லது 30,000 கிலோமீற்றர் வரை தவணை உண்டு. அத்தனை தூரம் தாங்கும் தாள்தான் அதற்கு வேண்டும். ஒயிலை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பில்டரையும் மாற்றுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினால் நாளைக்குக் காரை விற்கும்போதும் உதவும்.

பூட்டும்போது

பழைய பில்டரின் றப்பர் வளையம் சில நேரம் இஞ்சினிலேயே ஒட்டி நின்றுவிடும். அதன்மேல் புதியதைப் பூட்டினால் ஓடும்போது ஒயில் பீறிட்டு வெளியேறும். ஆகவே விரலால் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் சிறிது ஒயில் பூசுங்கள். பேணி வகையைக் கையால் இறுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு எவ்வளவு சுற்ற வேண்டும் என்பது பெட்டியில் படமாக இருக்கும்; பெரும்பாலும் முக்கால் சுற்று. ஜேர்மன் எழுத்து விளங்காவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள்.

ஸ்டார்ட் பண்ணியதும் சிவப்பு ஒயில் விளக்கு அணைய வேண்டும். ஓடும்போது அது எரிந்தால் வேலைக்கு நேரமாகிறது என்று பார்க்காமல் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். ஒரு நாள் சம்பளம் போகலாம், இஞ்சின் போனால் பல மாதச் சம்பளம் போய்விடும்.

பெரிய லொறிகளில் முப்பது லீற்றருக்கு மேல் ஒயில் பிடிக்கும். அது கொம்பனியின் வாகனம் என்றால் அந்த வேலையைக் கொம்பனியின் வேர்க்ஸ்டட்டுக்கே விடுங்கள்.

பழையதை எங்கே போடுவது?

இதுவே எம்மவர் அதிகம் கவனிக்க வேண்டியது. வீட்டு முற்றத்திலோ தெருவோரத்திலோ ஒயில் மாற்றினால் அயலவர் பொலிசுக்கு அறிவிக்கக்கூடும். நிலத்தையும் நீரையும் மாசுபடுத்துவது ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 324ஆம், 324ஏ பிரிவுகளின்படி குற்றம். குப்பைத் தொட்டிக்குள் பழைய பில்டரைப் போடவும் கூடாது.

ஆனால் இதே நாட்டுச் சட்டம் எமக்கு ஒரு வசதியையும் தந்திருக்கிறது. கழிவு ஒயில் விதிகளின்படி, ஒயில் விற்ற கடை, நீங்கள் வாங்கிய அளவு பழைய ஒயிலைப் பணம் வாங்காமல் திருப்பி எடுக்க வேண்டும். பழைய பில்டரையும் எண்ணெய்த் துணியையும் ஏற்க வேண்டும். அதற்கும் பற்றுச்சீட்டு தேவை. வேலை செய்ய இடம் இல்லாதவர்களுக்கு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மீட்வேர்க்ஸ்டட்டுகள் பல நகரங்களில் உண்டு. அங்கே காரை உயர்த்தும் லிப்டும் சாவிகளும் கிடைக்கும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சனிக்கிழமை போனால் செலவும் குறையும், வேலையும் பழகும்.

இங்கே எமக்கு வேலையும் வீடும் இலேசில் கிடைக்கவில்லை. அவற்றுக்கு எம்மைக் கொண்டு சேர்க்கும் காருக்கு, பத்திரத்தைப் பார்த்துச் சரியான பில்டரை வாங்கிப் போடுவோம்.