ஏற்றத்தில் அணையும் விளக்கு

இருட்டிய பின் துவிச்சக்கரவண்டியில் எரியும் விளக்கு, ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்டுவதோடு, பாதையிலுள்ள ஏனையோருக்கு அவரையும் காட்டுகிறது. பழகிய பாதைதானே என்று விளக்கின்றிப் புறப்படுவோர் முதற்பயனை மட்டுமே எண்ணுகின்றனர். உயிரைக் காப்பது பெரும்பாலும் இரண்டாவதே.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை வழியாக வந்து பெரகலையை நோக்கி ஏறும் ஏ4 நெடுஞ்சாலை பலாங்கொடையினூடாகச் செல்ல, அதன் இருபுறமும் பிரியும் தோட்டப் பாதைகள் தேயிலை மலைகளைச் சுற்றி லயங்களை அடைகின்றன. பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் இங்கு அந்தி வெளிச்சம் நெடுநேரம் நிற்பதில்லை. மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் இருள் முந்திக்கொள்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் நாடெங்கும் பலர் சைக்கிளுக்குத் திரும்பிய அதே காலத்தில், மின்வெட்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டமை, தெருவிளக்கை நம்பிப் பயணம் செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை உணர்த்தியது.

வண்டியின் விளக்கை எரியவைக்கும் டைனமோ என்பது டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் சிறிய மின்பிறப்பாக்கி. 6 வோல்ட், 3 வாட் என்பது அதன் வழக்கமான அளவு. சமதரையில் குறைவின்றி உதவும் இக்கருவி, ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய மங்கி, இறங்கித் தள்ளும்போது அநேகமாக அணைந்தேவிடுகிறது. நனைந்த டயரில் அதன் உருளை வழுக்குவதும் உண்டு. வளைவில் மெல்ல ஏறுபவரைப் பின்னால் வரும் லொறிச் சாரதி கண்டாக வேண்டிய வேளையில் விளக்கு கைவிடுகிறது என்பதே மலைநாட்டில் அதன் பெருங்குறை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம், சாரதி பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை விநாடி எடுத்தாலே 25 மீட்டர் கடந்துவிடும். ஈரத்தரையில் நிற்பதற்கு ஏறத்தாழ அதேயளவு தூரம் மேலும் தேவைப்படும்.

விளக்கு அணைந்தாலும் உதவும் மீள்தெறிப்பான், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கூடும் நுண்ணிய மூலைகளால் ஆனது. விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்புவதால், வாகன வெளிச்சம் சாரதியின் கண்ணுக்கே மீளுகிறது. பெடலில் பொருத்தினால் மேலும் கீழுமாக அசைந்து, முன்னே செல்வது மனிதர் மிதிக்கும் வண்டி என்பதை அறிவிக்கும். ஜெர்மனியில் இதற்கெனப் பெடல்களில் மஞ்சள் தெறிப்பான்கள் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஒளி விழுந்தால்தான் தெறிப்பான் மின்னும். கொண்டை ஊசி வளைவில் வாகனத்தின் வெளிச்சம் சாலையை விட்டு விலகிப் பள்ளத்தின் மேல் பாய்வதால், அவ்விடத்தில் தானாகவே எரியும் சிவப்பு விளக்கு இன்றியமையாததாகிறது.

ஆகவே தோட்டப் பாதையில் செல்வோர் டைனமோவுடன் பற்றரியில் எரியும் பின்விளக்கு ஒன்றையும் பொருத்திக்கொள்வதோடு, மட்காட்டிலுள்ள தெறிப்பானில் படியும் சேற்றை மழைநாட்களில் தவறாமல் துடைத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு வண்டி வாங்கித் தரும் பெற்றோர் கடையிலேயே இவற்றைக் கேட்டுப் பெறுவது நல்லது.