புட்டுக்குழலுக்குள் வெண்பா

'இத்தா பாக்' என்று ஜப்பானியர் சொல்லும் பையை முதன்முறை பார்க்கிறவருக்குக் கண் கூசும். முகப்பில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சாளரம், அதற்குள் ஒரே வீடியோ கேம் பாத்திரத்தின் பட்ஜ்களும் திறப்புக்கோர்வைகளும் இடைவெளி விடாமல். 2010களில் அங்கே பெருகிய பழக்கம் இது. பட்ஜ்கள் பையிலேயே குத்தப்பட்டிருக்கின்றன என்றுதான் எவரும் நினைப்பார். அப்படியிருந்தால் பையைத் துவைக்கவும் முடியாது, அடுத்த மாதம் வேறொரு பாத்திரத்துக்கு மாற்றவும் முடியாது.

வட இலங்கையின் பளையில் இந்தப் பையின் சூட்சுமத்தை விளக்கப் புட்டுக்குழல் ஒன்று போதும். அடியில் துளைச்சில்லு, மேலே தேங்காய்ப்பூ, மா, மறுபடி தேங்காய்ப்பூ. அவிந்ததும் பின்னாலிருந்து ஒரு தள்ளு. புட்டு அடுக்குக் குலையாமல் வெளியே வரும், குழல் அடுத்த ஈட்டுக்குத் தயார். பையும் அப்படித்தான். சாளரத்துக்குப் பின்னால் மெல்லிய உறை ஒன்று இருக்கும். அதற்குள் நுழைந்து வருகிற தட்டிலேதான் எல்லாம் குத்தப்படுகிறது. தட்டை உருவினால் பை வெறும் பை.

யாருக்காகச் செய்வது? என்னைக் கேட்டால் வெண்பாவுக்கு. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா' என்ற வீடியோ கேம், 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா தந்துவிட்ட சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து, எதற்குப் பின் எது என்று கண்டுபிடித்துச் சமைப்பதுதான் ஆட்டம். அதில் புட்டும் அவிகிறது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தது. துப்பாக்கி தூக்கிய நாயகர்களுக்கு உலகெங்கும் பை இருக்கிறது, அகப்பை பிடித்தவளுக்கும் ஒன்று இருக்கட்டுமே.

முதலில் தட்டு. சில்லு சரியில்லாவிட்டால் மா பானைக்குள் கொட்டும். இங்கே தட்டு சரியில்லாவிட்டால் பாரம் தாங்காமல் சாளரத்தின் அடியில் எல்லாம் சரிந்து குவியும். றெஜிபோம் வேண்டாம், ஊசி ஏறிய இடமெல்லாம் உதிரும். காட்போட் மாரி ஈரத்தில் வளையும். செருப்படிக்குப் போடுவது போன்ற மென்றப்பர்த் தாளைத் துணியால் போர்த்தினால் நிற்கும். ஆனால் எனக்குப் பிடித்தது பனையோலைத் தடுக்கு. பாரமில்லை, ஊசி பின்னலின் இடுக்கால் நுழைந்து வெளியே வந்துவிடும், ஓட்டை விழாது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் வெயில் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது மா, அதாவது பட்ஜ். வழக்கமான அளவுகளில் ஒன்று 58 மில்லிமீற்றர். படத்தை அதே அளவுக்கு வெட்டினால் கெட்டது. ஏறக்குறைய 70 மில்லிமீற்றர் வட்டம் வேண்டும், ஓரம் உள்ளே மடிவதற்கு. கைப்பிடி இயந்திரத்தில் தகரக் குமிழ், அச்சிட்ட தாள், மெல்லிய தெளிதாள் மூன்றையும் வைத்து ஒருமுறை அழுத்தினால் தாளின் ஓரம் குமிழைச் சுற்றி மடியும். பின்தகட்டை வைத்து இரண்டாம் முறை அழுத்தினால் குமிழின் விளிம்பு அதற்குள் சுருண்டு பூட்டும். பசை ஒரு சொட்டும் இல்லை. பாடசாலை இல்லப்போட்டிக்குப் பட்ஜ் அடிக்கிறவரிடம் இந்த இயந்திரம் இருந்தால் வேலை முடிந்தது. படம் நீங்களே வரைந்ததாக இருக்கட்டும். உங்கள் தோளில் மாட்டுவது அபிமானம், விற்கத் தொடங்கினால் உரிமைக்காரரைக் கேட்கவேண்டும்.

அடுக்குவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சாளரம் 30 சென்ரிமீற்றர் அகலம், 26 உயரம் என்று வையுங்கள். நேர்வரிசையில் 5 வீதம் 4 வரி, 20 பட்ஜ். ஒன்றுவிட்ட வரிகளை அரை பட்ஜ் நகர்த்தி 5, 4, 5, 4, 5 என்று இடுக்குகளில் உட்காரவைத்தால் 23 பிடிக்கும். கணக்குச் சரி, பார்வைக்குத்தான் ஆகாது. மாவை இறுக்கி அடைத்த குழலில் ஆவி ஏறாமல் நடு பச்சையாகவே கிடக்குமே, அந்தக் கதைதான்: கண் நுழைய வழியில்லை. நடு பட்ஜையும் அதைச் சுற்றிய ஆறையும் எடுத்துவிடுங்கள். 16 மிஞ்சும், நடுவே 14 சென்ரிமீற்றர் வட்டம் திறக்கும். அங்கே சேலைக்கரைத் துண்டைக் கொசுவிச் சுற்றித் தைத்த பூவளையமும் அதற்குள் வெண்பாவும். ஓர இடுக்குகளில் வெள்ளை லேஸ். அதுதான் தேங்காய்ப்பூ. தென்னந்தோட்டங்களுக்குப் பேர்போன பளையில் அதை யாரும் கணக்குப் பார்த்துப் போடுவதில்லை. இங்கும் கஞ்சத்தனம் காட்டவேண்டாம்.

சாளரத்தைப் பற்றி ஒன்று. மலிவுப் பைகளில் இருப்பது பெரும்பாலும் பி.வி.சி. அதை வளையச்செய்யச் சேர்த்த எண்ணெய்ப்பதமான பொருள் வெக்கையில் மெல்ல வெளியேறும். அச்சிட்ட மை அதிலே ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பளை வெயிலில் நிறுத்திய மோட்டார்சைக்கிளில் பையைத் தொங்கவிட்டுப் போவது நல்லதல்ல. கடல்நீரேரிப் பக்கத்து உப்புக்காற்றுக்குத் தகர விளிம்பும் துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் தட்டை உருவி, உலர்ந்த துணியால் பட்ஜ்களின் முதுகைத் துடைத்து, தனியாக நிமிர்த்தி வையுங்கள். இரண்டாவது தட்டு கையிலிருந்தால் அதே பையில் நாளைக்குக் கவின் போகலாம்.