மடிக்கணினியா, இருநிலைக் கைக்கணினியா?

ஒரு செயலில் இறங்குமுன் ஐயமற ஆராய வேண்டியவை ஐந்து எனத் திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வகுத்துரைக்கின்றார். செய்யப்படும் தொழில், அது நிகழும் இடம், அதற்குரிய காலம், கைப்பொருள், கருவி என்பன அவை. அரசியலை நோக்கிக் கூறப்பட்ட இவ்வைந்தும், உயர்தர வகுப்பிற் புகும் மகனுக்கோ பல்கலைக்கழகம் செல்லும் மகளுக்கோ கணினியொன்று வாங்கக் கருதும் பெற்றோர்க்கும் முற்றும் பொருந்துவன. ஆயினும், கடைக்குச் செல்வோருட் பலர் கருவியையே முதலில் நோக்குகின்றனர். அதன் மெலிவும் பளபளப்பும் மனத்தைக் கவர்ந்தபின் ஏனைய நான்கும் நினைவுக்கு வருவதில்லை.

பதுளையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் இத்தவறு பேரிழப்பாக முடியும். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அதனை 1,750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. ஒன்றரை இலட்சம் ரூபா விலையுள்ள கணினியொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டால், அது 1,350 ரூபா வேதனத்தில் 111 நாள் உழைப்பாகும். 1,750 ரூபா வேதனத்திலும் ஏறத்தாழ 86 நாள் உழைப்பாகும். உணவும் உடையும் மருந்தும் போக மிஞ்சுவதிலிருந்தே அத்தொகை சேர வேண்டும். 2019 இல் இலங்கையில் ஏறத்தாழ ஐந்து வீடுகளுக்கு ஒரு வீட்டிலேயே கணினி இருந்தது. நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று பிரிவுகளுள் தோட்டப் பிரிவே கடைநிலையில் நின்றது. இத்தகைய வீட்டுக்கு வாய்ப்பது ஒரு கணினியே. அஃது எதுவாதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதற்கண் இரு கருவிகளின் இயல்பையும் அறிதல் நன்று. மக்கள் ‘லப்டொப்’ என வழங்கும் மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் பிணைச்சலால் இணைந்து, புத்தகம்போல் விரியும். அதன் திரை பெரும்பாலும் 14 அங்குலம் அல்லது 15.6 அங்குலம், நிறை ஒன்றரை முதல் இரண்டு கிலோகிராம் வரை. இருநிலைக் கைக்கணினி என்பது ‘டெப்’ என வழங்கப்படும் தொடுதிரைப் பலகையே தேவைக்கேற்ப மடிக்கணினியாகவும் மாறுவது. அதில் இரு வகை உண்டு. ஒன்றில் விசைப்பலகை தனியே கழன்றுவிடும். மற்றொன்றில் திரை முழுவட்டமாகப் பின்புறம் மடியும். சிறு வகைகளில் திரை 10 முதல் 12 அங்குலம் வரை இருக்கும். கழலும் வகையிற் பலகை மட்டும் ஏறத்தாழ அரைக் கிலோகிராம் நிறையே உடையது.

இவ்விரண்டையும் ஒன்றாக்கும் எண்ணம் புதியதன்று. 1972 இல் அமெரிக்க அறிஞர் அலன் கே, சிறுவரும் கையில் ஏந்திச் செல்லத்தக்க ‘டைனாபுக்’ என்னும் கணினியைக் கற்பனையில் வரைந்தார். புத்தகம்போல் மடியும் ‘கிரிட் கொம்பஸ்’ 1982 இல் வெளிவந்தது. மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் கைக்கணினி முயற்சி 2002 இலும், ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் 2010 இலும், சேர்பேஸ், யோகா என்னும் இருநிலைக் கருவிகள் 2012 இலும் தோன்றின. இலங்கை மாணவர் சிலர் இத்தகைய கருவியை முன்னரே கண்டிருந்தனர். ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்னும் உலகத் திட்டத்தின்படி 2009 இல் உலக வங்கியின் உதவியோடு 13 ஆரம்பப் பாடசாலைகளில் வழங்கப்பட்ட சிறு கணினியின் 7.5 அங்குலத் திரை, சுழன்று மடிந்து வாசிக்கும் பலகையாக மாறுவதே.

பெரியதா, சிறியதா என்னும் வினா கணினிக்கு முன்னரும் தமிழரிடையே எழுந்ததுண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா (1886 - 1960) தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, மேசையில் நிலைபெறும் ‘ஸ்டாண்டர்ட்’ பொறியை முதலிற் படைத்தார். எடுத்துச் செல்லத்தக்க ‘பிஜோ’, ‘ஐடியல்’ என்னும் சிறு பொறிகள் அதன் பின்னரே வந்தன. அலுவலகத்துக்கு ஒன்றும் பயணத்துக்கு ஒன்றும் எனத் தொழிலே அங்குக் கருவியை வகுத்தது.

ஆகவே தொழிலையே முதலில் ஆராய்தல் முறை. மாணவர் தொழில் வாசித்தல், பாடங்களைக் கண்டு கேட்டல், குறிப்பெடுத்தல், கட்டுரை வரைதல், கணக்கிடுதல், செயல்நிரல் எழுதுதல் எனப் பலவாம். முதல் இரண்டுக்கும் கைக்கணினியே இனியது. புத்தகத்தைப் போல் நிமிர்த்திப் பிடிக்கலாம்; படுத்திருந்தும் படிக்கலாம். உயிரியல் மாணவர் இதயத்தின் குறுக்குவெட்டை வரைவதற்கும், கணித மாணவர் தொகையீட்டைப் படிப்படியாகச் செய்வதற்கும் திரையில் எழுதும் மின்பேனா பெருந்துணை. இலங்கையில் உயர்தரப் பரீட்சை இன்றும் தாளிற் கையால் எழுதப்படுவதாகலின், கையெழுத்துப் பயிற்சியைக் காக்கும் கருவி என்ற சிறப்பும் அதற்குண்டு.

எழுதும் தொழிலுக்கு வரும்போது நிலை மாறுகின்றது. 14 அங்குலத் திரையின் பரப்பு, அதே வடிவுள்ள 10 அங்குலத் திரையின் பரப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஒரு பக்கத்தில் மூலநூலையும் மறுபக்கத்தில் கட்டுரையையும் வைத்து எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது. சிறு திரையில் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து எழுதுகையிற் சிந்தனைத் தொடர் அறுபடுகின்றது. தமிழில் எழுதுவோர்க்கு வேறோர் இடரும் உண்டு. தமிழ் 99 அமைப்பில் ச, ஞ, ந, ய என்னும் எழுத்துகள் ஆங்கிலத்தின் நிறுத்தக்குறி விசைகளில் அமைந்துள்ளன. சிறிய விசைப்பலகைகள் பலவற்றிற் குறுக்கப்படுவன வலது ஓரத்திலுள்ள அவ்விசைகளே. இலங்கையில் வழங்கும் ரங்கநாதன் அமைப்பில் எழுதுவோரும் விசைப்பலகை முழுவதையும் ஆள வேண்டியவரே. ஆங்கிலத்தில் எழுதுபவர் உணராத குறையைத் தமிழில் எழுதுபவர் சொல்லுக்குச் சொல் உணர்வர்.

இனிச் செயலிகளை நோக்குக. அன்ட்ரொயிட் முறைமையில் இயங்கும் கைக்கணினியில், விண்டோஸ் முறைமைக்கென ஆக்கப்பட்ட செயலிகள் இயங்கா. புள்ளிவிவரம் ஆராயும் எஸ்.பி.எஸ்.எஸ்., பொறியியல் வரைபடம் வரையும் ஓட்டோகாட் போன்றவற்றின் முழுவடிவம் வேண்டுவோர்க்கு இது பெருந்தடை. விண்டோஸ் உள்ள இருநிலைக் கருவியில் இத்தடை பெரிதும் இல்லை. ஆயின் வெப்பம் தடையாகின்றது. மெல்லிய உடலில் விசிறி அமைக்க இடமில்லாதபோது, நீண்ட கணக்கைச் செய்கையில் எழும் வெப்பத்தைத் தணிக்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பதுளை பசறை வீதியில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானமும் தேயிலைத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றன. நாள் முழுதும் நிரல் எழுதுவோர்க்கும், தேயிலை மாதிரிகளின் அளவீடுகளை அட்டவணையிட்டு ஆராய்வோர்க்கும் விசிறியுள்ள மடிக்கணினியே உற்ற துணை.

இரண்டாவது இடம். சிறிய கருவி சிறிய வீட்டுக்கு ஏற்றது என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு மாறானது. பழைய லயன் அறையின் பரப்பு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவினதே. படிப்பதற்கெனத் தனிமேசைக்கு அங்கு இடமில்லை. பிள்ளைகள் கட்டிலிலோ தரையிலோ அமர்ந்து மடியில் வைத்தே எழுதுவர். விசைப்பலகை கழலும் கைக்கணினி, தன் பின்புறத்துத் தாங்கியை ஊன்றி நிற்பதற்குத் தட்டையான தளம் வேண்டுவது. மடியில் வைத்தால் அது தள்ளாடும், சரியும். பிணைச்சலாற் பிணைந்த மடிக்கணினியோ தன் பெயருக்கேற்ப மடியில் நிலைத்து நிற்கும். மேசையற்ற வீட்டுக்கே மடிக்கணினி மிகவும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

வெளியிடங்களில் வெற்றி கைக்கணினிக்கே. தோட்டத்திலிருந்து மழையில் நனைந்து நடந்து, நெருக்கமான பேருந்தில் நின்றுகொண்டே பண்டாரவளைக்கோ பதுளைக்கோ வரும் மாணவர்க்கு ஒவ்வொரு கிலோகிராமும் சுமையே. மேலும், தொலைபேசி அட்டையை ஏற்கும் கைக்கணினிகள் பல உள. மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றுக்கு அவ்வசதி இல்லையாதலின் அவை கைத்தொலைபேசியின் துணையை நாட வேண்டும். 2021 இற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், லுணுகலைப் பகுதி மாணவர் இணையத் தொடர்பை நாடி மலையுச்சியிலிருந்த மரக்குடிலுக்கு ஏறிச்சென்று கற்ற செய்தி உலகெங்கும் வெளிவந்தது. அத்தகைய ஏற்றத்துக்கு மெல்லிய கருவியே உகந்தது. எனினும், பாடங்களை ஓரிடத்திற் பதிவிறக்கி வீட்டில் வைத்துப் படிப்பதற்குச் சேமிப்பிடம் மிகுந்த மடிக்கணினியே ஏற்றது என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது காலம். அது நாளின் காலமும் ஆண்டின் காலமும் என இருவகைப்படும். 2022 மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளாற் சிதைத்தபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. கைக்கணினி குறைந்த மின்வலுவில் இயங்குவது. தொலைபேசிக்குரிய மின்சேமிப்பியாலேயே அதற்கு மின்னேற்ற இயலும். மடிக்கணினிக்கு 45 முதல் 65 வாற்று வரை வலுவுள்ள மின்னேற்றி வேண்டும். இதனால், மின்தடையுள்ள நாட்களிற் கைக்கணினியே முந்தும்.

ஆண்டுகளை எண்ணினால் நிலை மறுபடியும் மாறும். உயர்தரத்துக்கு இரண்டாண்டு, பட்டத்துக்கு நான்காண்டு என ஆறாண்டேனும் ஒரு கருவி உழைத்தல் வேண்டும். பற்றரி ஏறத்தாழ 500 முறை முழுதாக மின்னேறி இறங்கியபின் தன் கொள்ளளவில் ஐந்திலொரு பங்கை இழப்பது வழமை. மடிக்கணினிகள் பலவற்றிற் சில திருகாணிகளைக் கழற்றிப் பற்றரியை மாற்றலாம். விசைப்பலகையையும் சேமிப்பகத்தையும் மாற்றலாம். சிலவற்றில் நினைவகத்தைக் கூட்டவும் இயலும். கைக்கணினியின் கண்ணாடியோ உடலோடு பசையால் ஒட்டப்பட்டது. நினைவகமும் சேமிப்பகமும் மின்பலகையிற் பற்றாசிட்டு இணைக்கப்பட்டவை. ஒரு முறை கீழே விழுந்தால், பழுது பார்க்கும் செலவு சிலவேளை புதியதன் விலையை நெருங்கும்.

நான்காவது கைப்பொருள். விலைச்சீட்டில் உள்ளது முழுவிலையன்று. இருநிலைக் கைக்கணினிகள் பலவற்றுக்கு விசைப்பலகையும் மின்பேனாவும் தனித்தனியே விற்கப்படுகின்றன. மூன்றையும் கூட்டியபின்னரே மடிக்கணினியின் விலையோடு ஒப்பிடல் வேண்டும். மலிவான சிறு கருவிகளில் ஈ.எம்.எம்.சி. எனப்படும் மெதுவான சேமிப்பகம் இருப்பதும் உண்டு. எதனை வாங்கினும் 8 ஜிகாபைட் நினைவகமும் 256 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் குறைந்த அளவாகக் கொள்ளத்தக்கன. பயன்படுத்திய மடிக்கணினி வாங்குவோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைமை பொதுவாக இன்ரெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளை ஏற்பதில்லை. மலிவென்று அத்தகைய பழைய கணினியை வாங்குவோர் பாதுகாப்பற்ற கருவியையே வாங்குவோராவர்.

அரசுகளும் இத்தேர்வை எதிர்நோக்கியுள்ளன. தமிழ்நாட்டில் 2011 இல் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2025 மார்ச்சில் அம்மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டம், இரண்டாண்டுகளிற் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேர்க்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது. பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது மடிக்கணினிக்கே. இலட்சக்கணக்கானோர்க்கு ஒரே கருவியைத் தேர வேண்டிய நிலையில், எழுதவும் ஆக்கவும் வல்ல கருவியின் பக்கமே துலாக்கோல் சாய்ந்தது.

இவையனைத்தையும் சீர்தூக்கின், ஐந்தாவதாகிய கருவி தானே தெளிவாகும். ஒரு வீட்டுக்கு ஒரே கணினி, அதனை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ள வேண்டும், படிப்பு பல்கலைக்கழகம் வரை செல்ல வேண்டும் என்ற நிலையில் 14 அங்குல மடிக்கணினியே தக்கது. அதில் ஒவ்வொருவர்க்கும் தனிக்கணக்கு அமைக்கலாம், பழுது நீக்கலாம், இளையவர்க்குக் கையளிக்கலாம். முன்னரே வீட்டில் ஒரு கணினி இருந்து, வாசிப்புக்கும் வரைபடக் குறிப்புக்கும் இரண்டாவதொன்று வேண்டுவோர் இருநிலைக் கைக்கணினியை நாடலாம். தேயிலை மலைகளில் நின்றபடி பதிவுசெய்யும் கள உத்தியோகத்தர்க்கும், வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர்க்கும், வகுப்பில் நடந்தபடி கற்பிக்கும் ஆசிரியர்க்கும் அதுவே முதற்கருவி.

பிறர் ஆக்கியதை நுகர்வதற்கு எந்தத் திரையும் போதும். தான் ஆக்கியதைப் பிறர்க்கு அளிப்பதற்கே விரிந்த திரையும் முழு விசைப்பலகையும் வேண்டும். தேயிலைக் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தில் வாங்கப்படும் கணினி, பிள்ளையை வெறும் பார்வையாளனாக வைத்திராது எழுத்தாளனாகவும் ஆய்வாளனாகவும் ஆக்குபவனாகவும் உயர்த்துமாயின், அந்த நூறு நாள் உழைப்பும் பயன் பெற்றதாகும்.