பெரிய ஃபைலை படிக்கும்போது ஜாவா புரோகிராம் பாதியில் நிற்பது ஏன்? தீர்வு இதோ!

சில ஜிபி அளவுள்ள லாக் ஃபைலைப் படிக்கும்போது, ‘அவுட் ஆஃப் மெமரி’ எரர் காட்டி ஜாவா புரோகிராம் நின்றுபோவது உண்டு.

என்ன காரணம்?

‘ரீட் ஆல் லைன்ஸ்’ மெத்தட், மொத்த ஃபைலையும் மெமரியில் ஏற்றிவிடும். சின்ன ஃபைலுக்கு ஓகே. பெரிய ஃபைலுக்குத் தாங்காது.

என்ன செய்யலாம்?

‘பஃபர்டு ரீடர்’ வழக்கமாக 8,192 கேரக்டர்கள் வரை மட்டுமே எடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாகக் கொடுக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் டிஸ்க்கிடம் போக வேண்டியதில்லை என்பதால் வேகமும் கிடைக்கும். 2014இல் வந்த ஜாவா 8-இன் ‘ஃபைல்ஸ் லைன்ஸ்’ மெத்தடும் இதே மாதிரிதான்.

இதையும் கவனிங்க!

ஃபைல் தானாக மூட, ‘ட்ரை வித் ரிசோர்சஸ்’ பயன்படுத்துங்க. தமிழ் ஃபைலை ‘ஃபைல் ரீடர்’ மூலம் படித்தால், ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகளில் விண்டோஸில் எழுத்துகள் சிதையலாம். ‘யுடிஎஃப்-8’ என்று குறிப்பிடுவது நல்லது.