அணில்கள்: வகைகளும் வீட்டில் வளர்த்தலும்



கண்டாவளையிலோ முரசுமோட்டையிலோ புளியம்பொக்கணையிலோ வசிக்கும் உங்களில் அணிலைக் காணாதவர் ஒருவரும் இருக்க முடியாது. காலையில் நீங்கள் பாடசாலைக்குப் புறப்படும்போது வேலிக் கதியாலில் வாலை ஆட்டியபடி கத்திக்கொண்டிருப்பதும், அம்மா முற்றத்தில் காயவைத்த நெல்லை அள்ளிக்கொண்டு ஓடுவதும் அதுதான். ஆயினும் "அணிலின் இசைவாக்கங்களை விளக்குக" என்று வினாத்தாளில் கேட்டால் பலர் "மரம் ஏறும், பழம் தின்னும், முதுகில் மூன்று கோடு உண்டு" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். தினமும் காணும் விலங்கைப் பற்றி எழுதும்போதுதான் அதிகமாகப் புள்ளி இழக்கப்படுகிறது என்பது திருத்துபவர்களுக்குத் தெரிந்த விடயம்.

அணில் எவ்வகை விலங்கு?

அணில் ஒரு முலையூட்டி. முலையூட்டிகளுள் கொறித்துண்ணிகள் என்னும் வருணத்தைச் சேர்ந்தது. எலி, முள்ளம்பன்றி என்பனவும் இவ்வருணத்தினவே. உலகிலுள்ள முலையூட்டி இனங்களில் ஏறத்தாழ 40 சதவீதமானவை கொறித்துண்ணிகள் என்பதை நினைவில் வைத்திருங்கள். முயல் இதில் அடங்காது. அது வேறு வருணம். பலர் இங்கே தவறு விடுகிறார்கள்.

கொறித்துண்ணிகளின் முதன்மையான இயல்பு பற்களில் உள்ளது. மேல்தாடையில் ஒரு சோடியும் கீழ்த்தாடையில் ஒரு சோடியுமாக வெட்டும்பற்கள் உளி போல அமைந்திருக்கும். அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எனவே எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் பல் நீண்டு வாயை மூட முடியாமற் போய்விடும். வேட்டைப்பற்கள் கிடையா. அவை இருக்கவேண்டிய இடத்தில் பல்லற்ற இடைவெளி ஒன்று காணப்படும். நமது வீட்டு அணிலின் வாயில் மொத்தம் 22 பற்கள் உள்ளன.

மரவாழ்க்கைக்கான இசைவாக்கங்களில் கூரிய வளைந்த நகங்களை எல்லோரும் எழுதுவர். பின்னங்காலை எழுத மறந்துவிடுவர். அணில் தலைகீழாக மரத்தால் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பூனையால் அப்படி இறங்க முடிவதில்லை. அணிலின் பின்னங்காற் கணுக்கால் பின்னோக்கித் திரும்பக்கூடியது. அதனால் இறங்கும்போதும் அதன் நகங்கள் மரப்பட்டையை மேலிருந்து பற்றிப் பிடித்துக்கொள்கின்றன. முன்னங்காலில் நான்கு விரல்களும் பின்னங்காலில் ஐந்து விரல்களும் உண்டு. வால் சமநிலைக்கு உதவுவதோடு, குளிருக்குப் போர்வையாகவும், ஆபத்தை அறிவிக்கும் கொடியாகவும் பயன்படுகிறது.

இலங்கையின் அணில்கள்

அணிற் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 300 இனங்கள் உள்ளன. இலங்கையில் இயற்கையாக வாழ்பவை ஆறு எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன.

முதலாவது, நம் வளவுகளில் வாழும் மூவரி அணில். இதன் விஞ்ஞானப் பெயர் பியூனம்பியூலஸ் பல்மாரம். இலத்தீன் மொழியில் முதற்சொல்லுக்குக் கயிற்றில் நடப்பவன் என்று பொருள். இரண்டாவது சொல் பனைக் குடும்ப மரங்களைக் குறிக்கும். ஒரு பனையின் ஓலையிலிருந்து அடுத்த பனைக்குத் தாவும் அணிலைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை. இதன் எடை பெரும்பாலும் 100 முதல் 120 கிராம் வரையே. பனை, தென்னை வட்டுகளிலும் கூரை முகட்டிலும் தும்பு, புல், பஞ்சு கொண்டு கூடு கட்டும். கர்ப்பகாலம் சுமார் 34 நாட்கள். ஒரு தடவையில் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் ஈனுவது வழமை.

இதன் முதுகிலுள்ள கோடுகள் இராமர் அணை கட்டிய காலத்தில் தடவிக் கொடுத்ததால் வந்தவை என்ற கதையை உங்கள் அம்மம்மா சொல்லியிருப்பார். கதை அழகானது, விஞ்ஞான வினாவுக்கு அதை விடையாக எழுதவேண்டாம். கிளைகளுக்கிடையே ஒளியும் நிழலும் மாறிமாறி விழும்போது கோடுகள் உடலின் உருவத்தை மறைக்கின்றன என்று எழுதுங்கள். தமிழ்ப் பாடத்துக்கும் ஒரு குறிப்பு: தொல்காப்பிய மரபியல் அணிலை மூன்று வரிகளை உடையதென்றே அடைகொடுத்துச் சொல்கிறது. குட்டி என்பதை அதன் இளமைப் பெயராகவும் கூறுகிறது.

அடுத்த இரண்டும் இலங்கைக்கே உரியவை எனக் கருதப்படும் சிறிய அணில்கள். லெயாட்டின் அணில் மலைநாட்டிலும் ஈரவலயக் காடுகளிலும் வாழ்கிறது. கருமை படர்ந்த சிற்றணிலும் ஈரவலயத்துக்குரியது. தென்னிந்தியாவிலுள்ள ஓர் இனத்தின் கிளையாகவே முன்னர் எண்ணப்பட்ட இது, 2012 இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. இவ்விரண்டையும் வன்னியில் தேடவேண்டாம்.

நான்காவது மலை அணில். பெயரில் மலை இருந்தாலும் இதன் ஒரு வகை வரண்ட வலயக் காடுகளிலும் வாழ்கிறது. ஒன்றரை, இரண்டு கிலோகிராம் நிறையுள்ள பெரிய அணில் இது. இலங்கையில் இதற்கு மூன்று துணையினங்கள் உண்டு. வரண்ட வலயத்துக்குரிய துணையினமே தமிழ்நாட்டிலும் வாழ்கிறது. அதைக் காப்பதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988 இல் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021 இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று.

எஞ்சிய இரண்டும் பறக்கும் அணில்கள். உண்மையில் இவை பறப்பதில்லை. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையிலுள்ள தோல்மடிப்பை விரித்து ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குச் சறுக்கிச் செல்கின்றன. இரவில் நடமாடுபவை. பறக்கும் முலையூட்டி எதுவெனக் கேட்டால் விடை வௌவால் மட்டுமே.

விழுந்த குட்டி

இனி, வினாத்தாளில் வராவிட்டாலும் உங்கள் கையில் ஒருநாள் வந்துசேரக்கூடிய விடயம். 2009 இல் யுத்தம் முடிந்தபோது வன்னியில் எத்தனையோ பனைகளும் தென்னைகளும் வட்டிழந்து மொட்டையாக நின்றன. வட்டில்லாத மரத்தில் அணிலுக்கும் வீடில்லை. பின்னர் மீள்குடியேறியவர்கள் போட்ட கூரைகளில் அணில்களும் வந்து குடியேறின. கூரை திருத்தும்போதும், ஓலை வெட்டும்போதும், மாரிகாலக் காற்றிலும் குட்டிகள் கீழே விழுகின்றன. நீங்கள் ஓடிப்போய்த் தூக்குகிறீர்கள். பிறகு என்ன செய்வது?

நானும் சிறுவயதில் ஒரு குட்டியைத் தூக்கி வந்தேன். கண் திறவாதது. பசுப்பாலைச் சூடாக்கிப் பஞ்சில் நனைத்து வாயில் பிழிந்தேன். அது குடித்தது. நான் மகிழ்ந்தேன். மறுநாள் வயிறு ஊதி, கழிந்து, மாலையில் இறந்துவிட்டது. அன்பில் ஒரு குறையும் இருக்கவில்லை, அறிவுதான் இருக்கவில்லை. நான் விட்ட பிழைகளை நீங்கள் விடாதிருக்க அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதற்பிழை, தாயைத் தேடாதது. மனிதர் தொட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்று ஊரில் சொல்வார்கள். அது சரியன்று. தாயணில் குட்டியின் குரல் கேட்டால் வந்து, வாயால் கௌவி வேறு கூட்டுக்குக் கொண்டுசெல்லும். ஆகவே காயமில்லாத குட்டியைத் தும்போ பழைய துணியோ இட்ட சிறு பெட்டியில் வைத்து, விழுந்த மரத்திலேயே பூனையும் நாயும் எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள். பெட்டியை மூடவேண்டாம். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். பின்னர் தள்ளிப்போய் நில்லுங்கள். அருகில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் தாய் வராது. பகல் முழுதும் காத்திருக்கலாம். இரவில் தாய் நடமாடாது. எனவே பொழுதுபட்டால் குட்டியை உள்ளே எடுத்து, விடிந்ததும் மீண்டும் வையுங்கள்.

இரண்டாவது, சூடேற்றுமுன் ஊட்டியது. உரோமமில்லாத குட்டியால் தன் உடல் வெப்பநிலையைப் பேண முடியாது. குளிர்ந்த உடலில் உணவு சமிக்காது. இளஞ்சூட்டு நீர் நிரப்பிய போத்தலைத் துணியால் சுற்றி அருகில் வைத்து, குட்டி வெதுவெதுப்பான பின்னரே ஊட்டலைப் பற்றி எண்ணவேண்டும்.

மூன்றாவது, பசுப்பால். அது கன்றுக்கென அமைந்தது. அதன் இலக்ரோசு அணிற்குட்டிக்கு ஒத்துக்கொள்வதில்லை. முதலில் ஜீவனிக் கரைசல் சில துளிகளே போதும். அதன்பின் என்ன பால், எவ்வளவு என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவையே பலர் பயன்படுத்துகின்றனர். ஊட்டும்போது குட்டியை மல்லாத்திப் பிடிக்கவேண்டாம். பால் சுவாசப்பைக்குள் சென்றுவிடும். குப்புறப் பிடித்து, ஊசியில்லாத சிறிய சிரிஞ்சினால் துளித்துளியாகக் கொடுக்கவேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை! பரீட்சைக்குப் படிப்பவருக்கு இது இலகுவான வேலையன்று. ஊட்டியபின் ஈரப்பஞ்சினால் அடிவயிற்றை மெல்லத் தடவாவிட்டால் அதற்குச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் இதை நாக்கினால் செய்கிறது.

இவ்வளவும் செய்து குட்டி தப்பினால்?

அப்போதுதான் அதை வைத்திருக்க மனம் வரும். தோளில் ஏறும், சட்டைப்பைக்குள் உறங்கும், பெயர் சொன்னால் வரும். வளர்ந்தபின் அதே அணில் கடிக்கத் தொடங்கும். இது நன்றிகெட்ட செயல் அல்ல. இனம்பெருக்கும் வயதடைந்த காட்டு விலங்கின் இயல்பு. நாய் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பழகியது. அணிலுக்கு அந்த வரலாறு இல்லை. கூட்டில் அடைத்து கச்சானும் சூரியகாந்தி விதையும் மட்டும் கொடுத்தால் கல்சியம் போதாமல் எலும்பு மெலிந்து கால் வளைந்துவிடும். வெளியே விட்டால் மின்வயரைக் கடிக்கும்.

வெளிநாட்டிலும் இது நடந்ததுதான். அமெரிக்காவில் 18 ஆம் நூற்றாண்டில் வசதியான வீடுகளில் அணில் வளர்த்தார்கள். ஓவியர் கொப்லி 1765 இல் வரைந்த ஒரு புகழ்பெற்ற ஓவியத்தில் சிறுவன் ஒருவன் பறக்கும் அணிலைச் சங்கிலியில் பிடித்திருக்கிறான். விஞ்ஞானி பெஞ்சமின் பிராங்கிளின் இங்கிலாந்துச் சிறுமியொருத்திக்கு வரவழைத்துக் கொடுத்த அணில் கூட்டிலிருந்து தப்பி, நாயிடம் அகப்பட்டு இறந்தது. அதற்கு 1772 இல் அவரே இரங்கல் வாசகம் எழுதி அனுப்பினார். அண்மையில், 2024 ஒக்டோபர் 30 அன்று, நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வீட்டில் ஏழு ஆண்டுகள் வளர்ந்த அணிலை அனுமதியின்றி வைத்திருந்ததாக அதிகாரிகள் கைப்பற்றினர். அது ஓர் உத்தியோகத்தரைக் கடித்தது. நீர்வெறுப்பு நோயைச் சோதிக்க மூளைத் திசு தேவை என்பதால் அது கொல்லப்பட்டது. சோதனையில் நோய் இருக்கவில்லை.

தப்பிப்போனாலும் சிக்கலே. அவுஸ்திரேலியாவில் அணில் இயற்கையில் இல்லை. 1898 இல் பேர்த் விலங்கினச்சாலையிலிருந்து வெளிவிடப்பட்ட இந்திய ஐவரி அணில்கள் அந்நகரில் இன்றும் வாழ்கின்றன. பிரித்தானியாவில் 1876 இலிருந்து விடப்பட்ட அமெரிக்கச் சாம்பல் அணில் உள்நாட்டுச் செவ்வணிலைப் பெரும்பாலான இடங்களிலிருந்து அகற்றிவிட்டது. உணவுப் போட்டி ஒரு காரணம். அது காவிவந்த அணிலம்மை வைரசு மற்றொன்று. 2016 இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சாம்பல் அணிலையும், செல்லப்பிராணியாக விற்கப்பட்ட சைபீரியக் கோட்டணிலையும் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. "அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள்" என்ற தலைப்புக்கு இவை சிறந்த உதாரணங்கள்.

அணில் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அணில் போன்ற சிறு கொறித்துண்ணிகளால் நீர்வெறுப்பு நோய் பரவுவது மிக அரிது. ஆனாலும் ஊசி தேவையா இல்லையா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். வீட்டில் அடி விழும் என்று கடியை மறைக்கவேண்டாம்.

எனவே தப்பிய குட்டியை, பல்லால் தானே கொறித்துத் தின்னப் பழகியதும் விடுவிக்கத் தொடங்குங்கள். கூட்டின் கதவைப் பகலில் திறந்து வையுங்கள். கொய்யா, பாலைப்பழம், பயறு என வளவில் கிடைப்பதையே கொடுங்கள். சில நாட்கள் இரவில் திரும்பி வரும். பிறகு வராது. மலை அணிலையோ பறக்கும் அணிலையோ கண்டெடுத்தால் வீட்டில் வைக்காமல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். இலங்கையில் காட்டுவிலங்குகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க, விலங்கின தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

ஒரு விடயத்தில் அவசரப்பட்டு ஒருபக்கம் சாயாதீர்கள். தென்னை வைத்திருப்பவரிடம் அணிலின் அழகைப் பேசினால் அவர் கொறித்து விழுந்த குரும்பைகளைக் காட்டுவார். அவர் சொல்வதும் உண்மையே. மலை அணிலால் தென்னைக்கு ஏற்படும் சேதம் பெரிதென்பதால்தான், 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணி முதல் 8.05 வரை நாடெங்கும் நடந்த ஐந்து நிமிடக் கணக்கெடுப்பில் குரங்கு, மயில் என்பவற்றோடு அதையும் எண்ணினார்கள். அதேவேளை அணில் பூச்சிகளையும் தின்கிறது, தேன் குடிக்கும்போது மகரந்தத்தைக் காவுகிறது, விதைகளைப் பரப்புகிறது. பாம்புக்கும் வல்லூறுக்கும் அது உணவு.

பயிற்சி வினா: உமது வளவில் வாழும் அணிலை உள்ளடக்கி, நான்கு அங்கிகள் கொண்ட உணவுச்சங்கிலி ஒன்றை வரைந்து, அணில் அற்றுப்போனால் அதற்கு மேலும் கீழும் ஏற்படும் மாற்றங்களை எழுதுக. (குறிப்பு: அம்புக்குறி உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கிச் செல்லவேண்டும். கொய்யாவிலிருந்து தொடங்குங்கள்.)