தேர்ந்த குடும்பமும் ஆதரவின் அளவையும்

ஒருவர்க்கு இடுக்கண் வந்துற்றவிடத்துக் கைகொடுப்பார் எத்துணையர், அக்கையின் வலிமை எத்துணைத்து என்பனவற்றை எண்ணால் அளத்தல் கூடுமோ எனின், கூடும் என்பர் உளவியலார். அவர் இதனைச் சமூக ஆதரவு என்று வழங்குவர். அளத்தற்கு வினாநிரல்கள் பலவும் வகுத்துள்ளனர். அவ்வினாநிரல்கள் தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உடைய ஆடவரிடைச் செல்லுங்கால் ஒரு சொல்லில் இடறுகின்றன. 'குடும்பம்' என்பதே அச்சொல். இவ்விடறல் எதனான் நேர்கின்றது, அதனை நீக்கும் நெறி யாது என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். உளவியலார்க்கே உரிய பொருள்போல இது தோன்றலாம். ஆயின், ஒரு சொல்லின் பொருளெல்லையைப் பற்றிய சிக்கலாதலின் தமிழாய்வார்க்கும் இதன்கண் பங்குண்டு.

கேத் வெஸ்டன் என்னும் மானிடவியலார் 1980களின் நடுவில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழ்ந்த தன்பாலீர்ப்பு ஆடவர், மகளிரிடையே ஆய்வு நிகழ்த்தி, 'நாம் தேர்ந்துகொள்ளும் குடும்பங்கள்' எனப் பொருள்படும் தலைப்புடைய நூலை 1991-இல் வெளியிட்டார். அவர் கண்டவர்கள் குருதியுறவினரை ஒருபாலும், தாம் தேர்ந்துகொண்டாரை ஒருபாலும் வைத்து, இரு சாராரையும் குடும்பம் என்றே வழங்கினர். தேர்ந்த குடும்பத்துள் வாழ்க்கைத்துணைவர் உளர்; நண்பர் உளர்; ஒருகாலத்துக் காதலராயிருந்து பிரிந்தபின்னும் உறவு நீங்காதாரும் உளர். இவ்விறுதி வகையினரை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். நண்பர் என்று முற்றக் கூறுதற்கும் இயலாது, துணைவர் என்று கூறுதற்கும் இயலாது நிற்கும் இவரை எந்தக் கட்டத்துள் அடைப்பது?

இவ்வுறவுகள் வெறும் பெயரளவின அல்ல என்பதனை அந்நாட்டு நோய் வரலாறு காட்டும். எய்ட்சு என்று பின்னர்ப் பெயர்பெற்ற நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1981 சூன் 5-ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்தது. மறு ஆண்டே நியூயார்க்கு நகரத் தன்பாலீர்ப்பு ஆடவர் தமக்கென ஒரு நலவாழ்வு அமைப்பினைத் தொடங்கினர். அதன் தொண்டர்கள் நோயுற்றோர் இல்லம் சென்று சமைத்தனர். கடைக்குச் சென்று வந்தனர். மருத்துவமனைக்கு உடன் சென்றனர். பெற்றோர் வாராத படுக்கையருகில் இருந்தவர் பலர் குருதித் தொடர்பு அற்றவரே. ஆயினும், உறவினர் அல்லர் என்னுங் காரணத்தால் அத்தகையோர் மருத்துவமனை வாயிலில் தடுக்கப்பெற்றதும் உண்டு. நோயாளர் தாம் விரும்பியவரைக் காணும் உரிமையை மருத்துவமனைகள் மதித்தல் வேண்டும் என்று அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பணித்தது 2010-ஆம் ஆண்டிலேதான். யார் குடும்பத்தார் என்னும் வினா அங்கே ஏட்டு வினாவாக இருந்ததில்லை.

இனி, அளவுகோலுக்கு வருவோம். சிமெட் என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் 1988-இல் வெளியிட்ட வினாநிரல் உலகெங்கும் பெரிதும் எடுத்தாளப்பெறுவது. அதன்கண் 12 கூற்றுகள் உள. குடும்பத்தைப் பற்றி 4, நண்பரைப் பற்றி 4, சிறப்புடைய ஒருவரைப் பற்றி 4. ஒவ்வொன்றற்கும் விடை கூறுவோர் 1 முதல் 7 வரை ஓர் எண்ணைக் குறிப்பர். ஆகவே ஒவ்வொரு பிரிவும் 4 முதல் 28 வரையும், முழுத்தொகை 12 முதல் 84 வரையும் அமையும். சுருக்கமும் எளிமையும் உடைய கோல் இது; குறை கூறுவதற்காக ஈண்டு எடுத்தோமல்லோம்.

ஓர் ஆடவரைக் கற்பித்துக்கொள்வோம். பெற்றோர் அவரைக் கைவிட்டனர். நால்வர் தோழர் 20 ஆண்டுகளாக அவர்க்கு எல்லாமாய் இருக்கின்றனர். குடும்பம் என்பதைக் குருதியுறவு என்று அவர் கொள்வாராயின் குடும்பப் பிரிவில் 6, நண்பர் பிரிவில் 26, சிறப்புடையார் பிரிவில் 20 என நிற்க, தொகை 52 ஆகும். அந்நால்வரையே குடும்பம் என்று கொண்டு, நண்பர் என்பதற்கு அலுவலகத்தாரை நினைப்பாராயின் 26, 14, 20 என நின்று தொகை 60 ஆகும். நால்வரும் குடும்பமுமாவர், நண்பருமாவர் என்று இரண்டிடத்தும் எண்ணுவாராயின் 26, 26, 20 என நின்று 72 ஆகும். அவர் வாழ்வில் யாதொரு மாற்றமும் இல்லை. மாறியது ஒரு சொல்லின் பொருளே. அம்மாற்றம் 20 எண்களை விளைத்துவிட்டது. முதல் எண்ணைக் கண்ட ஆய்வாளர் இவரைக் குடும்ப ஆதரவு அற்றவர் எனக் குறிப்பர். மூன்றாவதைக் கண்டவர் நிறைவுடையார் என்பர்.

அளவுகோலின் நம்பகத்தைச் சோதிக்கும் கணக்கு இப்பிழையைக் காட்டிக்கொடாதோ எனின், காட்டாது. ஒரு பிரிவின் கூற்றுகள் தம்முள் எத்துணை ஒத்துச் செல்கின்றன என்பதையே கிரான்பாக்கின் ஆல்பா என்னும் எண் அளக்கின்றது. விடை கூறுவோர் ஒவ்வொருவரும் தாம் கொண்ட பொருளை நான்கு கூற்றுகளிலும் மாறாது கடைப்பிடிப்பின் அவ்வெண் உயர்ந்தே நிற்கும். ஒருவர் கொண்ட பொருளும் மற்றொருவர் கொண்ட பொருளும் வேறு என்பதனை அஃது அறியாது. எங்கள் கருத்தில், இத்துறை ஆய்வுகளைப் பயில்வார் முதற்கண் ஐயுறவேண்டிய இடம் இதுவே. உயர்ந்த ஆல்பாவைக் காட்டியவுடன் வாய் மூடிக்கொள்வார் பலராகலின் இதனை வற்புறுத்துகின்றோம்.

நெறி வேறு உண்டு. அது புதிதும் அன்று. சாரசன் குழுவினர் 1983-இல் வெளியிட்ட 27 வினாக்கள் கொண்ட நிரல், குடும்பம், நண்பர் என்று முன்னரே கட்டம் வகுப்பதில்லை. இன்ன இடரில் யாரை நம்புவீர் என்று வினவி, ஒன்பதின்மர் வரை முதலெழுத்தால் எழுதச் செய்து, அவர் என்ன உறவு என்பதையும் குறிக்கச் செய்யும். பின்னர், அவ்வாதரவில் நிறைவு எத்துணை என்று கேட்கும். கானும் அன்டனூச்சியும் 1980-இல் எடுத்துரைத்த முறையில், விடை கூறுவோர் தம்மை நடுவில் வைத்து, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று வட்டங்களில் தமக்கு நெருங்கியோரை அமைப்பர். இரண்டிலும் ஆள் முன், உறவுப்பெயர் பின். முன்னாள் காதலரும் இங்கே இடம் பெறுவர். எவரும் இருமுறை எண்ணப்படார்.

ஆயினும் ஆளை எண்ணுதல் மட்டும் போதாது. எப்பொருட்டு ஆதரவு என்பதும் கேட்கப்படல் வேண்டும். அன்பு காட்டல், கைப்பட உதவல், செய்தி கூறல், மதிப்பீடு தந்து தெளிவித்தல் என ஆதரவை நால்வகையாக 1981-இல் பகுத்தார் அவுசு என்பார். அதனோடு மற்றொன்றையும் யாம் சேர்ப்போம். பெண்ணை மணந்து வாழும் இருபாலீர்ப்பு ஆடவர் ஒருவர்க்குக் காய்ச்சலென்றால் வீடு முழுதும் திரண்டு நிற்கும். குடும்பப் பிரிவில் அவர் 28 பெறுதலும் கூடும். அவர் நேசித்த ஆடவர் இறந்துபட்டால் அவ்வீட்டில் அவர் அழுதற்கும் இடமிராது. பொதுப்பட வினவும் நிரல் இவ்விரு நிலைகளையும் ஒன்றாக்கிவிடுகின்றது. மேலும், பெற்ற ஆதரவை எண்ணுவார் கொடுத்ததை எண்ணுவதில்லை. தேர்ந்த குடும்பத்தார் பெரும்பாலும் ஒத்த அகவையினர். 1980களில் ஒருவர் ஒருவரைப் பேணியவர் பலர் தாமும் நோயுற்றிருந்தனர். ஐவர் பெயரை எழுதியவர், அவ்வைவரும் தம்மையே நம்பியிருப்பதனையும் எழுத இடம் வேண்டும்.

அளவை செய்யும் கடமை வழக்கு மன்றத்திற்கும் ஒருமுறை நேர்ந்தது. நியூயார்க்கில் பத்தாண்டிற்கு மேல் உடனுறைந்த இருவருள், வாடகை ஒப்பந்தத்திற்குரியவர் 1986-இல் இறந்தார். எஞ்சியவர் குடும்பத்தாராவரோ, வீட்டில் தொடர்ந்து இருக்கலாமோ என்பது வினா. பிராஷி வழக்கு எனப்படும் அதில் மாநில உயர் மன்றம் 1989-இல் சான்றிதழை மட்டும் நோக்கவில்லை. உறவு நீடித்த காலம், பொருளில் ஒன்றுபட்டமை, அன்றாட வாழ்வில் ஒருவரை ஒருவர் சார்ந்து நின்றமை, பிறர்முன் தம்மைக் காட்டிக்கொண்ட முறை ஆகியவற்றை ஆராய்ந்தது. வினாநிரல் வகுப்போர் அத்தீர்ப்பினின்றும் கற்றற்குரியன உள.

நம்மவரிடையும் இச்சொல் மன்றத்திற்கு வந்துவிட்டது. 2025 மே திங்களில் சென்னை உயர்நீதிமன்றம், இரு மகளிரைப் பற்றிய வழக்கில், குடும்பம் அமைத்தற்குத் திருமணம் ஒன்றே வழியன்று எனவும், தேர்ந்த குடும்பம் என்னும் கருத்து ஏற்கப்பெற்றதே எனவும் கூறியுள்ளது. எனவே இவ்வளவுகோல்களைத் தமிழ்ப்படுத்தி எடுத்தாளுவார் 'குடும்பம்' என்னும் சொல்லை எளிதிற் பெய்துவிடலாகாது. பேச்சு வழக்கில் அச்சொல் மனைவி ஒருவரையே குறித்தலும் உண்டு. மறுதலையாக, அண்ணன், மாமா என்னும் முறைப்பெயர்கள் அயலார்க்கும் இயல்பாகச் செல்லும்; ஆகவே விளிப்பெயரைக் கொண்டும் உறவைத் துணிய இயலாது. உறவினரையும் நண்பரையும் ஒருங்கே தழுவிய 'கேளிர்' என்னும் பழஞ்சொல் பொருத்தமுடையதேனும், இன்றைய விடை கூறுவோர்க்கு விளங்காது. சொல்லைத் தேடுவதினும், ஆளின் பெயரை முதலில் எழுதச் செய்து, அவர் தமக்கு என்ன முறையாவர் என்பதனை விடை கூறுவோரே தம் வாய்மொழியில் எழுத ஒரு வரி இடம் விடுதல் தக்கது. அவ்வரியில் எழுதப்பெறும் சொற்களைத் தொகுத்து வைப்பின், முறைப்பெயர்களை ஆராயும் நம் துறையினர்க்கும் அவை பயன்படும்.